கூலிப்படை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் செய்தி எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எனப் பலரும் ‘கூலிப்படை’ என்ற சொல்லைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

கூலிப்படைன்னா சரியா என்ன அர்த்தம்?

கூலிக்குப் போரிடும் படை. பேசிய பணத்துக்காகச் சண்டையிட வருகிறவர்களின் கூட்டம். அகராதிப் பொருள் அவ்வளவுதான்.

குழப்பம் பயன்பாட்டில் வருகிறது. இன்றைய தமிழில் இந்தச் சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வழங்குகிறது. பழைய இலக்கிய உரைகளில் அது அரசனின் படைவகைகளில் ஒன்று. உலகச் செய்திகளில் ‘மெர்சினரி’ என்பதற்கு நேர்ச்சொல். சென்னை நாளிதழின் குற்றச் செய்தியில் அது பணம் வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பல். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு ஆளை ‘கூலிப்படை’ன்னு சொல்லலாமா?

கூடாது. படை என்பது கூட்டப்பெயர். ‘கூலிப்படை வந்தது’, ‘கூலிப்படையினர் வந்தனர்’, ‘கூலிப்படையைச் சேர்ந்த ஒருவர்’ என்பவை சரி. ‘4 கூலிப்படை கைது’ என்று தலைப்பு போட்டால் நான்கு தனித்தனிப் படைகள் பிடிபட்டன என்று பொருளாகிவிடும். ‘கூலிப்படையினர் 4 பேர் கைது’ என்பதே தேவை.

நடுவுல ‘ப்’ போடணுமா? சில பேப்பர்ல ‘கூலிபடை’ன்னு வருதே.

போட வேண்டும். கூலிக்குப் போரிடும் படை என்று விரிவதால் இது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வல்லினம் மிகும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பிழை ‘கூலிப்படை ஏவி கொலை’. இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் ஒற்று மிகும். ‘கூலிப்படையை ஏவிக் கொலை’ என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் இல்லை என்றால் ‘ஐ’ உருபை விடலாம், ‘க்’ எழுத்தை விட வேண்டாம்.

இது இங்கிலீஷ்ல இருந்து நாம உண்டாக்கின வார்த்தைதானே?

இல்லை. திருக்குறளின் ‘படைமாட்சி’ அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் படைகளை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. 762ஆம் குறளில் ‘தொல்படை’ என்று வருவதை மூலப்படை என்று கொண்டு, ஆறிலும் அதுவே சிறந்தது என்கிறார். வழிவழியாக வந்த படை, அரசன் தளரும் நேரத்திலும் காயத்துக்கு அஞ்சாமல் நிற்கும் என்பது குறளின் கருத்து. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதை ஒத்த ஆறு வகைகள் உண்டு. அங்கே ‘பிருத’ எனப்படுவது கூலிப்படை. நாட்டுப்படை இருக்கும் இடத்தில் மட்டும் தொழிற்குழுக்களின் படை இருக்கிறது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஆறையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறார்கள். துணைப்படைக்கும் கூலிப்படைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நட்பரசன் அனுப்பிவைப்பது துணைப்படை. நாமே பணம் கொடுத்துச் சேர்ப்பது கூலிப்படை. இன்றைய உலகச் செய்திகளை மொழிபெயர்க்கவும் இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

அப்போ அந்தக் காலத்துல இது கெட்ட வார்த்தையா இல்லையா?

வசைச்சொல் இல்லை, தரவரிசையில் கீழே இருந்த சொல். ‘கூலி’ என்பதிலும் இழிவு கிடையாது. ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று 619ஆம் குறள் உழைப்பின் பயனைத்தான் கூலி என்கிறது. கூலித் தொழிலாளி என்று மரியாதையோடு சொல்லும் அதே மொழியில் கூலிப்படை என்றவுடன் அருவருப்பு வருகிறது என்றால், அந்த அருவருப்பு கூலியைப் பார்த்து வந்ததல்ல, உயிரெடுப்பதற்கு விலை பேசுவதைப் பார்த்து வந்தது.

பணிக்கு வந்த அயலார் நம் இலக்கியத்தில் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் யவனர் காவல் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலை வாளேந்திய யவனர் காக்கிறார்கள். இவர்களைக் கூலிப்படையினர் என்று இன்றைய ஆய்வாளர் எழுதலாம், ஆனால் அந்தப் பாடல்கள் அப்படி அழைக்கவில்லை. கட்டுரை எழுதும்போது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

இன்னும் சிக்கலானவர்கள் வேளைக்காரர். இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகுவின் (1055–1110) படையில் இருந்த இந்தத் தென்னிந்திய வீரர்கள், சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது கலகம் செய்தார்கள். பிற்பாடு பொலன்னறுவையில் புத்தரின் பல் பேணப்பட்ட கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. காசுக்கு மட்டும் வந்தவர்கள் இன்னாரோடு சண்டையிட மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் வேளைக்காரரை வெறும் கூலிப்படை என்று எழுதினால் பாதி உண்மை போய்விடும்.

சம்பளம் வாங்குற எல்லாச் சிப்பாயும் கூலிப்படைதானே?

அடிக்கடி வாதத்துக்கு வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. லத்தீனில் ‘மெர்செஸ்’ என்றால் கூலி, அதிலிருந்து ‘மெர்சினரி’. ‘சோல்ஜர்’ என்ற சொல்லோ ‘சாலிடஸ்’ என்ற பழைய ரோம நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. சொல்லின் வேரை மட்டும் பார்த்தால் இருவருமே காசுக்கு நின்றவர்கள்தான்.

ஆகவே சம்பளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவர், தவறு செய்தால் எந்த ராணுவச் சட்டம் அவரைத் தண்டிக்கும், போர் முடிந்தபின் அவர் யாருடைய பொறுப்பு: இவற்றை வைத்துத்தான் பிரிக்கிறோம். மாதச் சம்பளம் வாங்கும் ஜவான் மூன்று கேள்விக்கும் ‘நாடு’ என்று பதில் சொல்வார்.

1746ல அடையாறுல சண்டை போட்டவங்க கூலிப்படையா?

ஆங்கிலேயரிடமிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த ஆண்டு அது. அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையை, அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை விரட்டியது. அதை நடத்திய பாராடி சுவிட்சர்லாந்துக்காரர். ஆனாலும் அவர் பிரெஞ்சுக் கம்பெனியின் நிலையான அதிகாரி. அயல்நாட்டவர் என்பதால் மட்டும் ஒருவர் கூலிப்படையினர் ஆகிவிடுவதில்லை.

அந்த நூற்றாண்டில் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துவது ‘டி மியூரான்’ ரெஜிமென்டுக்கு. டச்சுக் கம்பெனிக்காக 1781இல் ஒரு சுவிஸ் பிரபு திரட்டிய படை அது. 1795இல் ஒப்பந்தம் கைமாறி, முழு ரெஜிமென்டும் ஆங்கிலேயர் பக்கம் வந்தது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டினத்தில் நின்றது. படையே ஒரு சரக்காக விற்று வாங்கப்பட்டது.

சர்வதேசச் சட்டப்படி யாரு கூலிப்படை?

ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 47ஆவது பிரிவுதான் அடிப்படை. ஆறு நிபந்தனைகள். ஒரு போரில் சண்டையிடுவதற்கென்றே திரட்டப்பட்டிருக்க வேண்டும். உண்மையிலேயே நேரடியாகச் சண்டையில் இறங்கியிருக்க வேண்டும். முக்கிய நோக்கம் சொந்த ஆதாயமாக இருக்க வேண்டும், அதோடு அதே நிலையில் உள்ள அந்தத் தரப்பு ராணுவ வீரருக்குக் கிடைப்பதைவிடக் கணிசமாக அதிகத் தொகைக்கு வாக்குறுதி பெற்றிருக்க வேண்டும். போரிடும் நாடுகளின் குடிமகனாகவோ அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில் வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. அந்தத் தரப்புகளின் ராணுவத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வேறொரு நாடு தன் ராணுவ வீரராக அலுவல்முறையில் அனுப்பிவைத்தவராகவும் இருக்கக் கூடாது.

ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஐந்து பொருந்தி ஒன்று தவறினாலும் சட்டப்படி அவர் கூலிப்படையினர் அல்ல. நடைமுறையில் வழக்கு தடுக்கி விழும் இடம் மூன்றாவது நிபந்தனை, ஒருவரின் மனநோக்கத்தை நிரூபிப்பது அவ்வளவு கடினம். அடுத்தது ஐந்தாவது. ஒரு நாடு அவரைத் தன் ராணுவத்தில் முறைப்படி சேர்த்துக்கொண்டுவிட்டால் அந்த நொடியே பட்டம் கழன்றுவிடுகிறது.

பொருந்தினால் என்ன ஆகும்? பிடிபட்டால் போர்க் கைதி என்ற உரிமை கிடையாது. சாதாரணக் குற்றவாளியாக விசாரிக்கலாம். இருந்தாலும் சித்திரவதை கூடாது, முறையான விசாரணை வேண்டும் என்ற அடிப்படைப் பாதுகாப்பு உண்டு. கூலிப்படையினரைத் திரட்டுவதையும் பயிற்றுவிப்பதையும் குற்றமாக்கும் ஐ.நா. ஒப்பந்தம் தனியே 1989 டிசம்பர் 4இல் ஏற்கப்பட்டு, 2001இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்திலும் 1977 நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை.

கூர்க்கா ரெஜிமென்ட், பிரெஞ்சு ஃபாரின் லீஜியன்?

இரண்டுமே இல்லை. மேலே சொன்ன ஐந்தாவது நிபந்தனையைப் பாருங்கள். பிரெஞ்சு வெளிநாட்டவர் படையணி 1831 முதல் பிரெஞ்சு ராணுவத்தின் அங்கம். நேபாள கூர்க்காக்கள் 1947ஆம் ஆண்டின் முத்தரப்பு ஒப்பந்தப்படி இந்திய, பிரிட்டிஷ் ராணுவங்களில் முறைப்படி பணியாற்றுகிறார்கள். நம் நாட்டுக்காக உயிர்விட்டவர்களைக் கூலிப்படை என்று எழுதுவது பிழை, அவமதிப்பும்கூட.

பிளாக்வாட்டர், வாக்னர் எல்லாம்?

பேச்சு வழக்கில் கூலிப்படை, செய்தி எழுத்தில் ‘தனியார் ராணுவ நிறுவனம்’. இரண்டாவது சொல்லே பாதுகாப்பானது, ஏனென்றால் அது தீர்ப்புச் சொல்லாமல் விவரிக்கிறது.

அமெரிக்க நிறுவனமான பிளாக்வாட்டரின் காவலர்கள் 2007 செப்டம்பரில் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் சுட்டதில் ஈராக்கியர் 17 பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் அமெரிக்கர்கள், அதாவது போரில் ஒரு தரப்பாக இருந்த நாட்டின் குடிமக்கள். 47ஆவது பிரிவின் நான்காவது நிபந்தனை அங்கேயே தவறுகிறது. ஆகவே அவர்கள் மீது நடந்தது கொலை வழக்கு. நால்வர் தண்டிக்கப்பட்டு, 2020இல் அதிபரின் மன்னிப்பில் வெளிவந்தார்கள்.

ரஷ்யாவில் குற்றவியல் சட்டத்தின் 359ஆவது பிரிவு கூலிப்படையைத் தடை செய்கிறது. ஆனாலும் ரஷ்யக் குழுவான வாக்னர் பல ஆண்டுகள் பல நாடுகளில் இயங்கியது. 2023 ஜூனில் அதன் கலகம் அடங்கியபின், அந்தக் குழுவுக்கு முழுச் செலவும் அரசே செய்தது என்று புதினே அறிவித்தார். அரசு பணம் கொடுத்தது என்பதால் அது ராணுவம் ஆகிவிடுமா என்ற கேள்வியில் சட்ட வல்லுநர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். வாக்னருக்கு மட்டும் ‘வாக்னர் கூலிப்படை’ என்ற வழக்கு தமிழில் ஊன்றிவிட்டது. கட்டுரையின் முதல் குறிப்பில் ‘தனியார் ராணுவக் குழுவான வாக்னர்’ என்று விளக்கிவிட்டால் போதும்.

1988 மாலத்தீவு விவகாரத்துல வந்தவங்களை அப்படிச் சொல்றது சரியா?

சரி, ஒரு நுணுக்கத்தோடு. நவம்பர் 3ஆம் தேதி ஆட்சியைக் கவிழ்க்க மாலேயில் இறங்கியவர்கள், மாலத்தீவு வணிகர் ஒருவருக்காக வந்த, ‘புளொட்’ என்ற இலங்கைத் தமிழ் ஆயுத அமைப்பின் ஆயுததாரிகள், ஏறத்தாழ 80 பேர். அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய வான்குடைப் படையினர் பறந்துபோய் இறங்கினார்கள். கப்பலில் பிணைக்கைதிகளோடு தப்பியவர்களை இந்தியக் கடற்படை மடக்கியது.

அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. 47ஆவது பிரிவோ போரைப் பற்றியது. அடுத்த ஆண்டு வந்த ஐ.நா. ஒப்பந்தம்தான் ஆட்சிக் கவிழ்ப்புக்காகத் திரட்டப்படுகிறவர்களையும் வரையறைக்குள் கொண்டுவந்தது. தாக்குதலில் வந்த குழுவின் பெயரைச் சொல்லாமல் ‘தமிழ்க் கூலிப்படை’ என்று எழுதும் வழக்கத்தை விடுங்கள். ஒரு குழு செய்ததை ஓர் இனத்தின் தலையில் கட்டக் கூடாது.

ஈழத்து எழுத்துல ‘ஒட்டுக்குழு’ன்னு வருது. அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அரச படையோடு ஒட்டி இயங்கிய உள்ளூர் ஆயுதக் குழுக்களை எதிர்த்தரப்பு அழைத்த பெயர் ஒட்டுக்குழு. அது அரசியல் வசைச்சொல். மேற்கோளில் வந்தால் அப்படியே விடுங்கள், உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘துணை ஆயுதக் குழு’ என்று எழுதுங்கள்.

கூலிப்படை என்று ஈழத் தமிழர் பெரும்பாலும் சொல்வது வெளியாரை. 1980களில் இலங்கைச் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி அளித்த கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அதற்கு உதாரணம். பயிற்சி மட்டும் கொடுத்தவர் ‘நேரடியாகச் சண்டையில் இறங்கியவர்’ என்ற இரண்டாவது நிபந்தனைக்குள் வரமாட்டார்.

மொழிபெயர்க்கும்போது வேற எந்தச் சொல்லோட குழம்பிப்போகும்?

கொள்கைக்காக வேறு நாட்டுக்குப் போய்ப் போரிடுகிறவர் தன்னார்வப் போராளி. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் (1936–39) சர்வதேசப் படையணிகளில் சேர்ந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்காக வந்த ‘ஹெஸ்ஸியன்’ ஜெர்மானியரைக் கூலிப்படை என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் பணம் வாங்கியது அவர்களின் சிற்றரசர்கள், வீரர்கள் அனுப்பப்பட்டவர்கள். பரிமேலழகரின் துணைப்படை இங்கே இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. ‘பாராமிலிட்டரி’ நம் ஊரில் துணை ராணுவம். அதைத் துணைப்படை என்று சுருக்கினால் குழப்பம் வரும்.

நம்ம ஊர் கொலைச் செய்தியில ஏன் இந்த வார்த்தை? ரவுடி, அடியாள்னு சொன்னா போதாதா?

மூன்றும் வேறு. அடியாள் ஒருவரின் நிலையான ஆள். அவர் சொன்னால் அடிப்பான், சம்பளமாகவோ சோறாகவோ பெறுவான். ரவுடி என்பது காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிய நிலை, சென்னையில் ‘ஏ பிளஸ்’, ‘ஏ’ என்று வகைப்படுத்துவார்கள். கூலிப்படையினருக்கும் கொல்லப்படுகிறவருக்கும் முன்பகை எதுவும் இருக்காது. ஒரு வேலைக்கு ஒரு தொகை, பாதி முன்பணம், அத்தோடு உறவு முடிந்தது. தனக்கே பகை உள்ளவர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டினால் அது கூலிப்படைக் கொலை ஆகாது. பணம் கைமாறியதாகக் காவல்துறை சொல்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆர்.ல கூலிப்படைன்னு தனிப் பிரிவு இருக்கா?

அந்தப் பெயரில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குப் பிரிவு 103, சதிக்குப் பிரிவு 61. ‘ஒப்பந்தக் கொலை’ என்ற சொல் இடம்பெறுவது அமைப்புசார் குற்றத்துக்கான 111ஆவது பிரிவில். உயிர் போயிருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை, அதோடு குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆனால் காசுக்காக நடந்த ஒரு கொலையை உடனே 111க்குள் கொண்டுவர முடியாது. தொடர்ச்சியான சட்டவிரோதச் செயல் என்று காட்ட வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். முதல்முறை சிக்கிய பையன்கள் மீது இந்தப் பிரிவு நிற்காமல் போவது இதனால்தான்.

பணம் கொடுத்து ஏவினவர் தப்பிச்சிடுவாரா? அவர் கையால எதுவும் செய்யலையே.

தப்ப முடியாது. தூண்டியதன் விளைவாகக் குற்றம் நடந்தால் அதே சன்ஹிதாவின் 49ஆவது பிரிவுப்படி வெட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. பணம் கொடுத்தும் கொலை நடக்கவில்லை என்றால் 55ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை, அந்த முயற்சியில் யாருக்காவது காயம் பட்டிருந்தால் 14 ஆண்டு வரை சிறை.

‘கூலிப்படைத் தலைவன் வாக்குமூலம்’னு போட்டாலே போதுமே?

போதாது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவும், அதற்கு முந்தைய சட்டத்தின் 25ஆவது பிரிவும் சொல்வது அதுதான். ‘போலீஸார் கூறுகின்றனர்’ என்பது அந்த வாக்கியத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

குண்டர் தடுப்புச் சட்டமும் (தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் 14) தண்டனை அல்ல, தடுப்புக்காவல். அதிகபட்சம் 12 மாதம். ஆட்கொணர்வு மனுவில் அந்த உத்தரவு ரத்தாவதும் உண்டு. ‘குண்டாஸ் பாய்ந்த கூலிப்படையினர்’ என்று எழுதிவிட்டு, அவர்களில் ஒருவர் விடுதலையானால் அவருடைய குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? தீர்ப்பு வரும்வரை ‘கூலிப்படையைச் சேர்ந்தவர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்’ என்ற நீண்ட சொற்றொடர்தான் நேர்மையானது.

வேலைக்குன்னு போய் ரஷ்ய ராணுவத்துல மாட்டின நம்ம பசங்களை ‘கூலிப்படையில் சேர்ந்த இந்தியர்கள்’னு போடலாமா?

போடக் கூடாது. உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள். ஆள் அனுப்பிய முகவர்கள் மீது 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்து சென்னை, மதுரை உட்படப் பல ஊர்களில் சோதனை நடத்தியது. ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைக்கப்பட்டதால் ஜெனீவா நெறிமுறையின் ஐந்தாவது நிபந்தனை தவறுகிறது. ஏமாற்றப்பட்டவருக்கு ஆதாய நோக்கத்தோடு சண்டையிட வந்தார் என்ற மூன்றாவதும் பொருந்தாது. ‘ஏமாற்றி ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டவர்கள்’ என்று எழுதுங்கள்.

தெரிந்தே போகிறவருக்கு நம் சட்டத்தில் வேறு ஆபத்து உண்டு. இந்தியாவோடு சமாதானமாக உள்ள நாட்டின் அரசுக்கு எதிராகப் போர் புரிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 153ஆவது பிரிவில் குற்றம், ஆயுள் தண்டனை வரை போகும். யாராவது வெளிநாட்டுக் காவல் பணி, ராணுவ உதவியாளர் பணி என்று அழைத்தால், முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தெரியாத மொழியில் இருக்கும் ஒப்பந்தத்தில், அதன் மொழிபெயர்ப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுற்றுலா விசாவில் போனால் போதும், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னால் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.